பதினாறு ஓம் குருவம்மா

கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி. போதும் போதும். கோவில்பட்டிதானே? நானும் அங்கதான். சத்தமாப் பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. முன் சீட்டுல திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க, அவங்களும் நினைக்க வேண்டாம். இருபத்தெட்டு வருசமா மைக் செட் போடுறேன். ஹாரனுக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு மெதுவாப் பேசுறதுன்னா என்னன்னே மறந்து போச்சு. சாத்தூர்ல நம்ம சங்கிலி மைக் செட் எங்கன்னு யாரும் வழி கேக்க மாட்டாங்க. சத்தம் வர்ற பக்கமா நடந்தாப் போதும்பாங்க.

எங்க போறேன்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரப் போறேன். குருவம்மா. அண்ணன் வீட்டுக்குப் போயி ஏழு வாரம் ஆச்சு. இன்னிக்குக் கூட்டிட்டு வந்திரணும். வரலைன்னா, அந்தப் பேச்சே வேண்டாம். கணக்கு சரியாப் போட்டிருக்கேன், வருவா.

சண்டையெல்லாம் கிடையாது அண்ணாச்சி. நான் குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன். எங்களுக்குள்ள இருந்தது இம்பீடன்ஸ் கோளாறு. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதா? அப்பச் சொல்றேன். பஸ்ஸும் உருட்டிக்கிட்டுத்தான் போகுது.

சத்தத்தைப் பெருக்குற ஆம்ப்ளி ஒண்ணு இருக்கு, ஹாரன் ஒண்ணு இருக்கு. ஆம்ப்ளியில இருந்து வர்ற லைன், எதிர்ல ஆயிரத்து அறுநூறு ஓம் தடை இருக்கணும்னு எதிர்பாக்கும். ஹாரன் முதுகுல சத்தம் போடுற யூனிட்டு வெறும் பதினாறு ஓம். ரெண்டையும் நேரா இழுத்து மாட்டுனீங்கன்னா ஆம்ப்ளி முக்கும், சுடும், கருகின வாடை வரும். ஹாரன்ல உருப்படியா ஒரு வார்த்தை வராது. ஆம்ப்ளியும் நல்ல ஆம்ப்ளிதான், யூனிட்டும் நல்ல யூனிட்டுதான். பொருத்தம் இல்ல, அம்புட்டுதான். அதுக்காக நடுவுல ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போடுவோம். இரும்புத் தகட்டு மேல ரெண்டு கம்பிச் சுருள். ஆம்ப்ளி பக்கம் ஆயிரம் சுத்துன்னா, ஹாரன் பக்கம் நூறு சுத்து. வோல்ட்டு பத்துல ஒரு பங்காக் குறையும், கரண்ட்டு பத்து மடங்கு கூடும். பவர் குறையாது. அதை நல்லா மனசுல வாங்கிக்கிடுங்க, பவர் குறையாது. இந்தப் பக்கம் குடுத்தது அம்புட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆயிரத்து அறுநூறைப் பதினாறால வகுத்தா நூறு வரும். உடனே நூத்துக்கு ஒண்ணுன்னு கம்பி சுத்தக் கூடாது. ஸ்கொயர் ரூட் எடுக்கணும். நூறுக்கு ஸ்கொயர் ரூட் பத்து. சுத்து பத்துக்கு ஒண்ணு. எங்க தெருவுலயே சந்தனராசுன்னு ஒருத்தன் மைக் செட் வச்சிருக்கான். தொழிலுக்கு வந்து நாலு வருசம் ஆகல. ஒரு காதுகுத்துக்கு நூத்துக்கு ஒண்ணு சுத்தி மாட்டிட்டான். ஹாரன் கொசு மாதிரி முனகுச்சு. அன்னிக்கு ஊருக்கே கேட்டது காது குத்துன குழந்தை அழுத சத்தம்தான். ஸ்கொயர் ரூட் தெரியாதவனெல்லாம் தொழிலுக்கு வந்துட்டான்.

எங்க விட்டேன்? குருவம்மா. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசம். தங்கமான மனுசி. நான் பேச ஆரம்பிச்சா நிப்பா, கேப்பா. ஒரு கட்டத்துல சட்டுன்னு திரும்பி அடுப்படிக்குள்ள போயிருவா. நானும் பின்னாடியே போய்ப் பேசுவேன். அவ பாட்டுக்கு அரிசி களைவா. முகத்துல கோவமும் இருக்காது, வாயில பதிலும் இருக்காது. செவிடன் காதுல ஊதின சங்குதான். இவளுக்கு என்ன குறைன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு நாள் ஹாரனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் மாத்திக்கிட்டு இருக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. அட, இவ மேல ஒரு குறையும் இல்ல. என் மேலயும் இல்ல. நடுவுல எதையும் போடாம இருபத்திரெண்டு வருசமா நேரா மாட்டி வச்சிருக்கோம்.

எதையும் அளக்காமச் செய்யக் கூடாது பாத்துக்கிடுங்க. நோட்டு ஒண்ணு போட்டேன். நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து எத்தனாவது வார்த்தையில அவ திரும்புறான்னு பதினஞ்சு நாள் குறிச்சேன். ஒரு நாள் பதினாலு, ஒரு நாள் பத்தொம்பது. சராசரி எடுத்தா எவ்வளவு வந்துச்சுங்கிறீங்க? பதினாறு. யூனிட்டும் பதினாறு ஓம், பொண்டாட்டியும் பதினாறு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு அண்ணாச்சி.

என்னை யாரு அளக்குறது? அதுக்குத்தான் ஆண்டவன் மாதிரி என் மச்சான் வந்து சேந்தாரு. வீரபெருமாள், குருவம்மாவோட கூடப் பிறந்த அண்ணன். ஒண்டிக்கட்டை. கண்ணுல புரை எடுத்துட்டு, சொட்டு மருந்து ஊத்த ஆள் வேணும்னு தை மாசம் கோவில்பட்டியில இருந்து எங்க வீட்டுக்கு வந்தாரு. அவரு தந்தி ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. வார்த்தை எண்ணுறதுதான் அவருக்குப் பிழைப்பு. எவனாவது வந்து எங்க அப்பா நெஞ்சு வலிக்குதுன்னாரு, சோடா வாங்கப் போனோம், அதுக்குள்ளன்னு கதையா அழுதா, இவரு பேனாவை எடுத்து 'அப்பா காலமானார், உடனே புறப்படு'ன்னு நாலு வார்த்தையில முடிச்சு அனுப்பி வைப்பாராம். அழுதவனுக்கே அழுகை நின்னு போயிருமாம்.

அவரைக் கடையில உக்கார வச்சு, கேஸ் சிலிண்டர் ஏன் சீக்கிரம் தீருதுங்கிற ஒரே விசயத்தைப் பேசுனேன். அவரு கண்ணுல பச்சைத் துணியைக் கட்டிக்கிட்டு விரல் விட்டு எண்ணுனாரு. ஆயிரத்து அறுநூத்துச் சொச்சம். 'மாப்ள, சொச்சத்தைத் தள்ளிருவோம்'ன்னாரு. ஆயிரத்து அறுநூறு, பதினாறு. வகுத்தா நூறு. ஸ்கொயர் ரூட் பத்து. அன்னியில இருந்து மச்சான்தான் எங்க டிரான்ஸ்ஃபார்மர்.

முன்னாடி கடை, பின்னாடி வீடு. நான் கடையில உக்காந்து மச்சான்கிட்ட பத்து வார்த்தை பேசுவேன். அவரு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாரு. மொத நாளே சொதப்புனாரு. ஸ்கொயர் ரூட்டை மறந்துட்டு நூத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டாரு. நான் எண்பது வார்த்தை பேசி முடிச்சிட்டுப் பாக்குறேன், மனுசன் அடுப்படி வாசல்ல வாயை மூடிக்கிட்டு நிக்கிறாரு. என்னண்ணேன்னு அவ கேக்குறா. இன்னும் இருபது வார்த்தை வரணும்மாங்கிறாரு. அப்புறம் நான் போய் உக்கார வச்சு விளக்குனேன்.

மறுநாளு பாத்துக்கிடுங்க. குழம்புல உப்பு கூடிப் போச்சுன்னு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மச்சான் போயி 'உப்பு'ன்னாரு. ஒரே வார்த்தை. அடுத்த நாள் குழம்பு தேனா இருந்துச்சு. இருபத்திரெண்டு வருசமாக் கத்துனேன் அண்ணாச்சி, நடக்கல. ஒரே சொல்லு, முழு பவரும் போய்ச் சேந்துருச்சு. எனக்குச் சந்தோசத்துல கண்ணே கலங்கிருச்சு. மிச்சம் விழுந்தாத்தான் கொஞ்சம் சிரமம். இருபத்தேழு வார்த்தை பேசிட்டேன்னா ரெண்டு வார்த்தை போயிரும், ஏழு தொங்கும். 'இன்னும் மூணு குடுங்க மாப்ள'ம்பாரு. நான் ஆமா ஆமா ஆமான்னு சொல்லி நிரப்பிருவேன். கெட்ட வார்த்தைக்கு மட்டும் கணக்குக் கிடையாது. அது வார்த்தை இல்ல மாப்ள, இரைச்சல்னு தள்ளிருவாரு.

இன்னொண்ணு கேளுங்க. டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும். இந்தப் பக்கம் இருந்து போனா இறக்கும், அந்தப் பக்கம் இருந்து வந்தா ஏத்தும். குருவம்மா ஒரு வார்த்தை சொன்னா, மச்சான் எனக்குப் பத்து வார்த்தையாக் கொண்டாந்து குடுக்கணும். அதுதானே ரேஷியோ? அவ உள்ள இருந்து 'சரி'ம்பா. மச்சான் வந்து என் முன்னால நேரா நின்னுக்கிட்டு, 'தங்கள் கருத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு அவ்வாறே செய்வதாகத் தங்கள் மனைவி பணிவுடன் தெரிவிக்கிறார்'ம்பாரு. எண்ணிப் பாருங்க, சரியாப் பத்து. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. இருபத்திரெண்டு வருசத்துல அவ என்மேல இம்புட்டு மரியாதை வச்சிருந்தான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

பேரு பரவிருச்சு. எதிர் வீட்டு டெய்லரு அவருக்கும் அவரு மாமியாருக்கும் ரேஷியோ போட்டுத் தரச் சொல்லி வந்தாரு. போய் அளந்து பாத்தேன். அந்தம்மா முதல் வார்த்தைக்கே திரும்பிருச்சு. ஸ்கொயர் ரூட் எடுத்தாலும் கட்டாது, விதின்னு விட்டுருங்கன்னுட்டேன்.

டிரைவர் என்ன இப்படி பிரேக் போடுறாரு? பையைப் பிடிச்சுக்கிடுங்க.

ரெண்டு மாசம் வீடு சொர்க்கமா இருந்துச்சு. பங்குனிப் பொங்கல் வந்துச்சு. எங்க ஊரு அம்மன் கோயில் பொங்கலுக்குப் பத்து நாள் மைக் செட் பதினெட்டு வருசமா நான்தான். அது தொழில் மட்டும் இல்ல அண்ணாச்சி, மானம். கொடியேத்தத்துக்கு முன்னாடி தர்மகர்த்தா எங்க தெருவுக்கு வந்து நின்னு, மொட்டை மாடி ஹாரன்ல நான் டெஸ்ட் போடுறதைக் கேட்டுட்டு வெத்தலை பாக்கு குடுத்துட்டுப் போவாரு. அது வழக்கம். அன்னிக்குக் காலையில வந்து நின்னாரு. நான் கடையில சுவிட்ச்சைப் போட்டுட்டு மைக்குல ஒண்ணு ரெண்டு மூணுன்னேன். வெளிய சத்தமே வரல. ஊமையன் கனாக் கண்டு உளறுன மாதிரி என்னமோ கேட்டுச்சு. தர்மகர்த்தா காதுல கை வச்சுக் கேட்டாரு, தலையை ஆட்டுனாரு, நேரா சந்தனராசு கடைக்குப் போயி வெத்தலை பாக்கை அவன்கிட்ட குடுத்துட்டாரு. ஸ்கொயர் ரூட் தெரியாத பயகிட்ட!

மேல ஏறிப் பாக்குறேன். நாலு ஹாரன் வாயிலயும் பழைய சேலையைத் திணிச்சு வச்சிருக்கு. குருவம்மாதான். பக்கத்து வீட்டுல பிள்ளை பிறந்து ஒன்பது நாளாம். நான் தினமும் அஞ்சு மணிக்கு டெஸ்ட் போடுறது அந்தப் பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் போடுதாம். முந்தின வாரமே மச்சான் மூலமா 'பிள்ளை'ன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கா. மச்சான் அதைப் பத்து வார்த்தையா ஏத்தும்போது, மழலைச் செல்வம் வாய்த்த மகிழ்ச்சியை வாழ்த்துத் தந்தி மாதிரி ஏத்திட்டாரு. நானும் வாழ்த்துத்தானேன்னு சந்தோசப்பட்டுட்டு ஹாரனைக் கூடக் கொஞ்சம் ஏத்தி வச்சேன்.

கீழ வந்தேன். அன்னிக்குன்னு பாத்து எனக்குப் பேச்சே வரல அண்ணாச்சி. மச்சான்கிட்ட பத்தே பத்து வார்த்தைதான் வந்துச்சு. 'நீ இங்க இருந்து என்னத்தக் கிழிச்ச, உங்க அண்ணன் வீட்டுக்கே போய்த் தொலை.' மிச்சமும் இல்ல, குறையும் இல்ல. இது ஒண்ணும் புதுசு கிடையாது. இருபத்திரெண்டு வருசமா வாரத்துக்கு நாலு தடவை இதையேதான் சொல்றேன். உப்பு கூடுனா சொல்லுவேன், கரண்ட்டு போனா சொல்லுவேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே இருப்பா. அண்ணன் வீட்டுக்குப் போனதே கிடையாது.

மச்சான் எந்திரிச்சுட்டுத் திரும்பவும் உக்காந்தாரு. 'மாப்ள, இதை அனுப்பணுமா?'ன்னு கேட்டாரு. பத்து ஆச்சுல்ல, போங்கன்னேன். போயி அடுப்படி வாசல்ல நின்னு சொன்னாரு.

'போ.'

பத்து நிமிசம் ஆகல. குருவம்மா கையைத் துடைச்சுக்கிட்டு, ஒரு பையை எடுத்துக்கிட்டு, என்னைத் தாண்டித் தெருவுல இறங்கிப் போயிட்டா. அரிசி பானையில பாதி வெந்துக்கிட்டு இருக்கு. தங்கச்சியைத் தனியா அனுப்ப முடியாதுன்னு மச்சானும் சொட்டு மருந்தைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் பின்னாடியே போயிட்டாரு. நான் கல்லாவுல உக்காந்து என்ன நினைச்சேன்னு நினைக்கிறீங்க? பொய் சொல்லக் கூடாது. ஆகா, எப்படி வேலை செய்யுது பாருன்னு நினைச்சேன். ஒரு துளி பவர் சேதாரம் இல்ல. அம்புட்டும் போய்ச் சேந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெருமையிலதான் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள்ள போனேன். பேசிக்கிட்டே அடுப்படி வரைக்கும் போயிட்டேன், அங்க திரும்பிக்கிறதுக்கு ஆள் இல்ல.

சரி, டிரான்ஸ்ஃபார்மர் அங்கதானே இருக்கு, லைனை நீட்டிக்கிட்டாப் போச்சுன்னு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இதே பஸ்ஸுல போனேன். ஆறு ஞாயித்துக்கிழமை. மச்சான் வாசல் கேட்டுக்கு வந்து பேப்பரோட நிப்பாரு. நான் எல்லாத்தையும் சொல்லுவேன். பூனை ஆம்ப்ளிப் பெட்டிக்குள்ள குட்டி போட்டதைச் சொன்னேன். பால்காரர் தண்ணி ஊத்துறதைச் சொன்னேன். சந்தனராசு பொங்கல்ல போட்ட சத்தம் கீச்சுன்னு இருந்துச்சுன்னு ஊரே சிரிச்சதைச் சொன்னேன். சமையல் கேஸ் தீந்ததைச் சொன்னேன். ஒண்ணு விடல. அவரு குறிச்சுக்கிட்டு உள்ள போவாரு. ஜன்னல் வழியாக் கேக்கும். 'பூனை', 'பால்', 'கீச்சு', 'கேஸ்'. திரும்பி வந்து பதில் சொல்லுவாரு. 'தாங்கள் நலமுடன் இருக்க இறைவனை வேண்டி, இங்கு நாங்கள் யாவரும் நலமென அறியவும்.' பத்து. ஒவ்வொரு வாரமும் அருமையான பதிலா இருக்கும். அந்தப் பத்து வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான் அடுத்த ஞாயிறு வரைக்கும் நான் சோறு பொங்கித் தின்னேன்.

போன வாரம் போனா மச்சான் கட்டில்ல படுத்துக்கிடக்காரு. ரத்தக் கொதிப்பு நூத்தி எண்பது. டிரான்ஸ்ஃபார்மர்னா கொஞ்சம் சூடாகத்தான் செய்யும் மச்சான்னேன். அவரு சிரிக்கல. டாக்டர் யாருக்கும் எதையும் கொண்டு போய்ச் சொல்லக் கூடாதுன்னுட்டாராம். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டேன். இந்த ஆறு வாரமும் அவ சொன்ன ஒத்தை வார்த்தைகளை ஏத்தாம, அப்படியே குடுங்க, நான் வச்சுக்கிறேன்னேன்.

மச்சான் கண்ணை மூடிக்கிட்டாரு.

'அவ வாயே திறக்கல மாப்ள. ஆறு வாரமும் ஒண்ணும் சொல்லல. பூஜ்யத்தைப் பத்தாலப் பெருக்குனா என்ன வரும்? நீங்க வெயில்ல நிக்கிறதைப் பாக்க மாட்டாம நானாத்தான் எழுதுனேன்.'

அன்னிக்கு பஸ்ஸுல திரும்பி வரும்போது நான் யார்கிட்டயும் பேசல அண்ணாச்சி. கண்டக்டர் வந்து உடம்பு சரியில்லையாண்ணேன்னு கேட்டாரு.

அதான் சொன்னேன், கணக்கு போட்டிருக்கேன்னு. டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, இனி நேரா மாட்டுறதுதான். ஆனா ஆயிரத்து அறுநூறாப் போனாத்தானே கோளாறு? நானே பதினாறா இறங்கிப் போனா? அவ திரும்பிப் போறதுக்கு முன்னாடி பதினாறே வார்த்தை. ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சு, மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்றேன், விரல் விட்டு எண்ணுங்க. இந்தக் கணக்குக்குத்தான் ஒரு ஆள் வேணும்னு உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

'குருவு, நான் எண்ணிப் பேசுறேன். நீ இல்லாம வீட்ல சத்தமே இல்ல. சோறு இறங்கல. தூக்கம் வரல. தப்பு பூராவும் என்மேலதான். வா.'

எத்தனை? பதினேழா? சரியா எண்ணுனீங்களா? இருங்க. குருவு, நான், எண்ணிப், பேசுறேன்... ஆமா, பதினேழு. வீட்ல சொல்லிப் பாத்தப்பப் பதினாறுதானே வந்துச்சு. ஒண்ணு கூடுது. ஒண்ணு கூடுனாலும் திரும்பிருவா, உங்களுக்குத் தெரியாது. அடுப்படிக்குள்ள போயிட்டான்னா அவ்வளவுதான், இந்த ஜென்மத்துக்கு நான் சோத்துப் பானையோட பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதான். ஒண்ணைக் கழிக்கணும்.

குருவுங்கிறதைக் கழிக்க முடியாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டே வருசக்கணக்காச்சு, அது இருக்கட்டும். பூராவும்ங்கிறதைக் கழிக்கலாம்தான், ஆனா கழிச்சா பாதித் தப்பு அவ மேல போயிரும். இருபத்திரெண்டு வருசத்துல முதல் தடவையா ஒரு தப்பை ஒத்துக்கிறேன், அதை முழுசா ஒத்துக்கிட்டாத்தான் நல்லது. சோறு, தூக்கம் ரெண்டும் நிசம். வீட்ல சத்தமே இல்லைங்கிறது எல்லாத்துலயும் பெரிய நிசம். எதைக் கழிக்க?

கோவில்பட்டி வந்துருச்சு. கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்க, இறங்கணும். ஆங், இருங்க, கிடைச்சிருச்சு. கடைசி வார்த்தை. இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்து வாசல்ல ஒருத்தன் நிக்கிறான்னா வேற எதுக்கு நிப்பான், வான்னு சொல்லத்தானே? அது சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அதை எடுத்துருவோம். பதினாறு. கச்சிதமா இருக்கு. என்ன, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க? வேண்டாம் அண்ணாச்சி, இப்ப ஒரு வார்த்தை உள்ள போனாலும் மறந்து போயிரும், நான் இறங்குறேன்.